காணாமல் போன இரண்டாவது வாக்குச்சீட்டு

உள்ளாட்சித் தேர்தல் பற்றிய ஒரு கேள்வி 2022 மார்ச் மாதத்திலிருந்து என்னை விட்டுப் போகவில்லை. அந்த மாதம் 4ஆம் தேதி தமிழ்நாட்டின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் மன்ற உறுப்பினர்கள் கூடி மேயர்களையும் தலைவர்களையும் தேர்ந்தெடுத்தார்கள். தருமபுரியிலும் அன்றுதான் நகராட்சித் தலைவர் தேர்வு. மதியம் கடைவீதிப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அம்மா, கையில் இருந்த நாரை விடாமலே, "ஏம்ப்பா, சேர்மன் ஓட்டு எப்ப நடந்துச்சு? எனக்குத் தெரியாமலே முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார். இந்த முறை கவுன்சிலர்களே சேர்ந்து சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்போ முன்னாடி நாம போட்டது?" என்றார். அதற்கு என்னால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. சொல்லியிருக்க வேண்டிய பதில் தருமபுரியோடு முடிவதும் அன்று. அது சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் மாளிகையில், ஒரு மேயரின் அரசியல் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது. மு.க. ஸ்டாலின் மேயராக இருந்த ஆண்டுகளையும், அந்தப் பதவியை அவர் இழந்த விதத்தையும், பிறகு அதிகாரத்துக்கு வந்து அவருடைய அரசு செய்ததையும் சேர்த்துப் படித்தால்தான் எங்கள் ஊர்க்காரர்கள் கையிலிருந்து அந்த வாக்குச்சீட்டு எப்படிப் போனது என்பது விளங்கும்.

மாநகராட்சி என்பது தமிழ்நாட்டில் எப்போதுமே குப்பை, சாக்கடை, தெருவிளக்கு ஆகியவற்றோடு நின்றுவிடுகிற அமைப்பாக இருந்ததில்லை. 1959இல் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, சட்டமன்றத்தில் அப்போதுதான் கால் ஊன்றியிருந்த திராவிட முன்னேற்றக் கழகம் சென்னை மாநகராட்சியைக் கைப்பற்றியது. அ.பொ. அரசு அக்கட்சியின் முதல் மேயரானார். அந்த வெற்றிக்கு உழைத்ததற்காக அண்ணா பொதுமேடையில் கருணாநிதிக்குக் கணையாழி அணிவித்ததைக் கட்சிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கணையாழியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, மாநிலத்தை ஒரு கட்சி ஆளும்போது தலைநகரை இன்னொரு கட்சி ஆள முடியும் என்று அன்று மெய்ப்பிக்கப்பட்டதுதான். கோட்டையில் இடம் கிடைக்காத ஓர் எதிர்க்கட்சிக்கு, நிர்வாகம் என்றால் என்ன என்று பழகிக்கொள்ளவும், தன்னால் ஆள முடியும் என்று மக்களிடம் காட்டவும் ரிப்பன் மாளிகை இடம் கொடுத்தது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1967இல், அந்தக் கட்சி கோட்டைக்கே வந்தது.

அதே கட்சி ஆட்சியில் இருந்தபோதுதான், 1973இல், முறைகேட்டுப் புகார்களையொட்டிச் சென்னை மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்டது. அதன் பிறகு 1996 வரை சென்னைக்கு மேயரும் இல்லை, மன்றமும் இல்லை. ஒரு தலைமுறையே மேயர் என்ற ஒருவரைப் பார்க்காமல் வளர்ந்தது. 74ஆவது அரசியல் சட்டத்திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்து, நகர உள்ளாட்சிகளுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடத்தியே ஆக வேண்டும் என்று ஆன பிறகுதான் 1996 அக்டோபரில் அந்த வறட்சி முடிந்தது.

ஒரே நாற்காலி, இரண்டு ஆட்சிகள்

அந்தத் தேர்தல்தான் எனக்கு முதல் உள்ளாட்சித் தேர்தல். குமாரசாமிப்பேட்டையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் வாக்குச்சாவடி. உள்ளே போனவுடன் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஒன்று எங்கள் வார்டு கவுன்சிலருக்கு, மற்றொன்று நகராட்சித் தலைவருக்கு. அட்டைத் தடுப்புக்குப் பின்னால் நின்று, ரப்பர் முத்திரையை மைத்திண்டில் ஒற்றி எடுத்து, சின்னத்தின் மேல் அழுத்தி, ஈர மை மறுபக்கத்தில் இருக்கும் வேறு சின்னத்தில் ஒட்டிவிடாமல் நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே மடித்துப் பெட்டியில் போட வேண்டும். கவுன்சிலருக்கு நின்றவர்கள் எல்லோரும் தெருவில் அன்றாடம் பார்க்கிற முகங்கள்தாம். அவர்களில் யாருக்குப் போடுவது என்பதை வீட்டு உறவும் தெருப் பழக்கமும் முடிவு செய்துவிடும். தலைவருக்கான சீட்டில் அப்படி முடியாது. அன்னசாகரத்திலிருந்து விருபாட்சிபுரம் வரைக்கும் ஊர் முழுவதற்கும் ஒருவர் வேண்டும் என்பதால் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. எங்கள் வீட்டில் தலைவருக்கு ஒரு கட்சிக்கும் கவுன்சிலருக்கு வேறு கட்சிக்கும் வாக்களித்தவர்கள் இருந்தார்கள். அதில் முரண் இருப்பதாக யாரும் நினைக்கவில்லை.

அதே தேர்தலில் சென்னை மக்கள் தங்கள் மேயரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு முன்பு சென்னையில் மேயரை மன்ற உறுப்பினர்கள்தாம் தேர்ந்தெடுத்து வந்தார்கள். ஆண்டுக்கு ஒருவர் என்று மாறுவது வழக்கம். ஆகவே மாநகர மக்கள் அனைவரும் வாக்களித்து வந்த முதல் மேயர் ஸ்டாலின். அவசரநிலைக் காலத்தில் மிசாவில் சிறையிருந்தவர், ஆயிரம்விளக்குத் தொகுதியில் 1984இல் தோற்று, 1989இல் வென்று, 1991இல் மறுபடி தோற்று, 1996 மே மாதத்தில் மீண்டும் வென்றவர். முதலமைச்சரின் மகன் என்பதால் கிடைத்த வாய்ப்பு என்ற விமர்சனம் அன்றே இருந்தது, அதில் உண்மையும் இருந்தது. ஆனால் சட்டமன்ற உறுப்பினராக இருந்துகொண்டே அவர் மேயராகவும் இருந்தார் என்பது அப்போது யாருக்கும் சட்டச் சிக்கலாகத் தெரியவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

மேயர் என்றால் எல்லா அதிகாரமும் கையில் என்று வெளியூரில் இருப்பவர்கள் நினைப்பார்கள். சென்னையில் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்திடம். குடிசைப் பகுதிகள் இன்னொரு வாரியத்திடம். கட்டட அனுமதியின் பெரும்பகுதி பெருநகர வளர்ச்சிக் குழுமத்திடம். மாநகராட்சிக்குள்ளேயே கோப்புகளில் கையெழுத்திடும் நிர்வாக அதிகாரம் மாநில அரசு அனுப்பும் ஆணையரிடம். இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மேயரிடம் மிஞ்சுவது மன்றமும், வரவு செலவுத் திட்டமும், மக்கள் தந்த தகுதியும்தான். கோட்டையில் தந்தையே முதலமைச்சராக இருந்ததால் ஆணையரும் வாரியங்களும் மேயரின் சொல்லுக்குக் காது கொடுத்தார்கள். சிங்காரச் சென்னை என்ற முழக்கமும், பீட்டர்ஸ் சாலை, டாக்டர் ராதாகிருஷ்ணன் சாலை போன்ற இடங்களில் எழுந்த மேம்பாலங்களும் அந்தக் காலத்தவை. மேம்பாலம் கட்டும் வேலையை மாநகராட்சியே எடுத்துச் செய்தது அன்று புதிது.

2001 மே மாதத்தில் ஆட்சி மாறியது. மேயர் அதே மேயர், நகரம் அதே நகரம், கோட்டையில் மட்டும் ஆள் வேறு. ஜூன் 30 அதிகாலையில், மேம்பாலங்கள் கட்டியதில் ஊழல் என்ற வழக்கில் கருணாநிதி கைது செய்யப்பட்டார். தொலைக்காட்சியில் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்த நாள் எங்கள் வயதுக்காரர்கள் எவருக்கும் மறக்காது. அதே வழக்கில் மேயரும் கைதாகிச் சிறைக்குப் போனார். இவ்வளவுக்கும் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில், அ.தி.மு.க. மாநிலத்தை ஆண்டுகொண்டிருக்கும்போதே, சென்னை மக்கள் அவரை இரண்டாவது முறையாக மேயராக்கினார்கள். துணை மேயராக வந்த கராத்தே தியாகராஜன் எதிரணியைச் சேர்ந்தவர். 1959இல் நடந்ததுபோலவே, மாநிலம் ஒருவரிடமும் தலைநகரம் இன்னொருவரிடமும் என்ற நிலை உருவானது. இந்த இரண்டாவது வெற்றியைத்தான் அவருடைய அரசியல் வாழ்க்கையின் முதல் சொந்தச் சம்பாத்தியமாக நான் கருதுகிறேன். 1996இல் கட்சிக்கு அடித்த அலையில் எவர் நின்றிருந்தாலும் வென்றிருக்கலாம். 2001இல் அலை எதிர்ப்பக்கம் அடித்தது, வழக்கும் சிறையும் முதுகில் இருந்தன, அப்படியும் நகரம் அவரையே விரும்பியது.

ஓர் ஆண்டுகூட முடியவில்லை. 2002இல் நகராட்சிச் சட்டங்களில் ஒரு திருத்தம் கொண்டுவரப்பட்டது. சட்டமன்ற உறுப்பினராக இருப்பவர் உள்ளாட்சிப் பதவியிலும் இருக்க முடியாது, இரண்டில் ஒன்றை விட வேண்டும் என்பது அதன் சாரம். ஏற்கெனவே தேர்ந்தெடுக்கப்பட்டு இரண்டு பதவியிலும் இருந்தவரையும் அது கட்டுப்படுத்தியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. ஒருவர் அடுத்தடுத்து இருமுறை மேயராக இருக்க 1919ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டம் இடம் தரவில்லை என்பதும் அங்கே எழுந்தது. அந்த விதி நேரடித் தேர்தல் என்பதே இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. ஸ்டாலின் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை. மேயர் பதவி போயிற்று. காலியான இடத்துக்குச் சென்னை மக்களிடம் மறுபடி வாக்குக் கேட்கப்படவில்லை. துணை மேயரே 2006 வரை மேயர் பொறுப்பைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நான் பலமுறை நின்று யோசித்திருக்கிறேன். ஒருவருக்கு ஒரு பதவி போதும் என்ற கொள்கையில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. சட்டமன்றத்துக்கும் போய்க்கொண்டு, நகரத்தையும் முழுநேரமாகக் கவனிக்க ஒருவரால் முடியாது. அந்த விதி 1996இலேயே இருந்திருக்க வேண்டும். ஆனால் தேர்தல் முடிந்து, மக்கள் தேர்ந்தெடுத்து, பதவியேற்றுப் பல மாதங்கள் ஆன பிறகு, மாநிலம் முழுவதிலும் யாரைக் குறிவைக்கிறது என்று அனைவருக்கும் தெரிந்த ஒரு விதியை இயற்றி உடனடியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தது நியாயமில்லை. அடுத்த தேர்தலிலிருந்து என்று ஒரு வரி சேர்த்திருந்தால் கொள்கையும் நின்றிருக்கும், வாக்கும் நின்றிருக்கும். அந்த ஒரு வரி இல்லாததால் சென்னையின் இலட்சக்கணக்கான வாக்குகள் செல்லாமல் போயின. பதவி இழந்தவர் ஓர் அரசியல்வாதி என்பதால் அதை இரண்டு கட்சிகளுக்கு இடையிலான சண்டையாகவே எல்லோரும் பார்த்தார்கள். வாக்காளரின் இழப்பாக யாரும் பேசவில்லை. சேர்மன் நாற்காலி எப்படி நிரப்பப்படும் என்பதைக் கோட்டையில் இருப்பவர் நினைத்தபோது மாற்றலாம் என்ற துணிச்சல் அன்று வந்தது என்றே நான் நம்புகிறேன்.

அமைச்சரான மேயர்

2006இல் தி.மு.க. மீண்டும் ஆட்சிக்கு வந்தது. உள்ளாட்சித் துறை ஸ்டாலினிடம் வந்தது. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டும் பதவியை இழந்த ஒருவர், அந்தப் பதவிகளுக்கான சட்டத்தையே கையாளும் இடத்துக்கு வந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த தேர்தலில் மேயர்களும் நகராட்சித் தலைவர்களும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படவில்லை. மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் மாற்றப்பட்டிருந்தது. சென்னையில் மா. சுப்பிரமணியன் அப்படித்தான் மேயரானார். குமாரசாமிப்பேட்டை வாக்குச்சாவடியில் எங்களுக்கு ஒரே ஒரு சீட்டுதான் கொடுத்தார்கள்.

இதற்குச் சொல்லப்படும் காரணத்தை ஒதுக்கிவிட முடியாது. தலைவர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை வேறு கட்சி என்றால் தீர்மானங்கள் நிறைவேறாது, கூட்டமே நடக்காது, ஊர் வேலை கெடும் என்பார்கள். மேயர் ஓரணியும் துணை மேயர் வேறணியுமாக ரிப்பன் மாளிகையில் உட்கார்ந்திருந்த அனுபவம் ஸ்டாலினுக்கே உண்டு. அப்படிப்பட்ட மோதல் உண்மையான தொல்லைதான். ஆனால் அதற்கு மருந்து, தலைவரின் அதிகாரம் எது, மன்றத்தின் அதிகாரம் எது என்று சட்டத்தில் தெளிவாகப் பிரித்து எழுதுவது. வாக்காளரை வெளியே நிறுத்துவது மருந்தாகாது. தன் பதவிக்கு மக்கள் தந்த தகுதியை ஒரு சட்டத் திருத்தம் துடைத்தெறிந்ததைத் தன் உடம்பில் உணர்ந்தவர் அவர். அந்தத் தகுதி எவராலும் தொட முடியாதபடி இருக்க வேண்டும் என்று அவர் துறை சட்டம் செய்திருந்தால் தமிழ்நாட்டு உள்ளாட்சியின் கதையே வேறாக இருந்திருக்கும். அவருடைய நீண்ட அரசியல் வாழ்க்கையில் எனக்குப் பெரும் வருத்தம் தருவது இதுதான்.

வருத்தத்தை மட்டும் எழுதிவிட்டு நகர்வது நேர்மையாகாது, ஏனென்றால் அதே ஐந்தாண்டில் அதே துறையிலிருந்துதான் எங்கள் மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் தண்ணீர் கிளம்பியது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்பது குடிநீருக்கான உச்ச வரம்பு. எங்கள் ஊர்க் கிணறுகளிலும் ஆழ்துளைக் குழாய்களிலும் அதைத் தாண்டுவது சாதாரணம். என் வயதொத்தவர்கள் சிரிக்கும்போது முன்பற்களில் குறுக்கே பழுப்புக் கோடு தெரியும். எங்கள் அத்தைக்கு நாற்பது வயதிலேயே கால் மடக்கித் தரையில் உட்கார முடியாமல் போனது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மணைப்பலகையில் பக்கவாட்டாகச் சாய்ந்துதான் உட்காருவார். காவிரி எங்கள் மாவட்டத்துக்குள்தான் நுழைகிறது, ஆனால் அந்தத் தண்ணீர் எங்கள் குடத்துக்கு வந்ததில்லை. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008 பிப்ரவரியில் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது, அங்கே தேர்தல் முடியும்வரை பொறுப்பது என்று இங்கே முடிவானது, பிறகு வேலை தொடங்கியது. 1,928 கோடி ரூபாய்த் திட்டம். இடையில் ஆட்சி மாறியது. 2013 மே மாதத்தில் ஜெயலலிதா அதைத் தொடங்கிவைத்தார். ஒரு கட்சி தொடங்கியதை இன்னொரு கட்சி கிடப்பில் போடாமல் முடித்தது என்பதை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். குழாயில் வந்த தண்ணீரில் எந்தக் கட்சியின் நிறமும் இல்லை.

ஆனால் ஆற்றிலிருந்து ஊர் எல்லைவரை தண்ணீரைக் கொண்டுவருவது குடிநீர் வாரியத்தின் வேலை. எல்லையிலிருந்து வீடுவரை கொண்டுபோவது ஊரின் வேலை. அங்கேதான் தலைவர் எப்படி வந்தார் என்பது முக்கியமாகிறது. மேல்நிலைத் தொட்டியை எங்கே கட்டுவது, எந்தப் பழைய குழாயை முதலில் மாற்றுவது, குப்பைக் கிடங்கை எங்கே வைப்பது, பேருந்து நிலையத்தைப் புறநகருக்குக் கொண்டுபோகலாமா என்பதெல்லாம் ஊர் முழுவதற்குமான முடிவுகள். ஒரு வார்டுக்கு நன்மையும் இன்னொரு வார்டுக்குச் சங்கடமும் தரக்கூடியவை. கவுன்சிலர் தன் வார்டுக்காக வாதாடுவார். வாதாடத்தான் வேண்டும், அதற்காகத்தான் அவரை அனுப்பினோம். அந்தக் கவுன்சிலர்களின் ஆதரவில் மட்டுமே நாற்காலியில் இருக்கும் ஒரு தலைவர், அவர்களுக்கு எதிராக ஒரு முடிவை எடுத்து நிற்பது மிகக் கடினம். ஊர் முழுவதும் அவருக்கு வாக்களித்திருந்தால், 'எனக்கு ஊரே ஓட்டுப் போட்டிருக்கிறது' என்று மன்றத்தில் எழுந்து நின்று சொல்லலாம். இது தனி மனிதரின் திறமையைப் பற்றிய பேச்சு இல்லை. மிகத் திறமையான ஒருவர் வந்தாலும் அவர் முதலில் காப்பாற்றிக்கொள்ள வேண்டியது யாருடைய நம்பிக்கையை என்பதைப் பற்றிய பேச்சு.

அதற்குப் பிறகு நடந்தவை

2011இல் அ.தி.மு.க. ஆட்சி நேரடித் தேர்தலைத் திரும்பக் கொண்டுவந்தது. சென்னையில் சைதை துரைசாமி நேரடியாக வென்றார். தருமபுரியிலும் நாங்கள் தலைவருக்குத் தனியாக வாக்களித்தோம். 2016இல் அதே ஆட்சி, மன்ற உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலுக்கு மாற்றியது. அந்தத் தேர்தலை நீதிமன்றம் இரத்து செய்ய, ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக நகரங்கள் அரசு நியமித்த தனி அலுவலர்களின் கையில் கிடந்தன. நடுவில் சட்டம் மறுபடி நேரடித் தேர்தலுக்குத் திரும்பி, 2019 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் மீண்டும் மறைமுகத்துக்கு வந்தது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்தவர் ஸ்டாலின். அவர் கட்சி அதை எதிர்த்தது. 2021இல் அவர் முதலமைச்சரானார். 2022 பிப்ரவரித் தேர்தல் அந்த அவசரச் சட்டம் வகுத்த முறையிலேயே நடந்தது. அதில்தான் சென்னைக்குப் பிரியா மேயரானார், எங்கள் பக்கத்து ஓசூர் மாநகராட்சிக்கு முதன்முதலாக மேயர் கிடைத்தார். ஓசூர்க்காரர்கள் தங்கள் ஊர் மாநகராட்சியானதைக் கொண்டாடினார்கள். அந்த முதல் மேயருக்கு அவர்களில் ஒருவர்கூட நேரடியாக வாக்களிக்க வழியில்லாமல் போனது.

இவ்வளவு எளிதாக மாற்ற முடிவதற்குக் காரணம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. நகராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறையை மாநிலச் சட்டமன்றமே வகுத்துக்கொள்ளலாம் என்று 243ஆர் பிரிவு விட்டுவைத்திருக்கிறது. ஊராட்சிகளுக்கும் அப்படித்தான். ஆனால் ஊராட்சித் தலைவர் தேர்தலில் எந்தக் கட்சியும் இங்கே கை வைத்ததில்லை. 2019 டிசம்பரில் தருமபுரியை ஒட்டிய ஊராட்சிகளில் மக்கள் தங்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாலைக்கு அந்தப் பக்கம் குடியிருப்பவருக்கு இருக்கிற உரிமை, சாலைக்கு இந்தப் பக்கம் குடியிருந்து சொத்துவரியும் தண்ணீர் வரியும் கட்டுபவருக்கு இல்லை. கிராமத்தார் நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாம், நகரத்தார் கூடாது என்பதற்கு இன்றுவரை எந்த அரசும் சரியான காரணம் சொல்லவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மேயரும் நகராட்சித் தலைவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். தேர்ந்தெடுக்கப்பட்டவருக்கும் மன்றத்துக்கும் ஆணையருக்கும் இடையில் அதிகாரம் எப்படிப் பிரிகிறது என்பது சட்டத்தில் எழுதப்பட வேண்டும். இவற்றைவிட முதலாவதாக, தேர்தல் முறையிலோ தகுதியிலோ எந்த மாற்றம் செய்தாலும் அது அப்போது பதவியில் இருப்பவர்களைத் தொடாமல், அதற்கு அடுத்த பொதுத் தேர்தலிலிருந்தே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற ஒரு வரி அந்தச் சட்டத்தில் நிரந்தரமாக இடம்பெற வேண்டும். 2002இல் அந்த வரி இல்லாததால் சென்னை தன் மேயரை இழந்தது. எந்தக் கட்சியின் வேட்பாளர் எங்கள் தெருவுக்கு வந்தாலும் இந்த மூன்றையும் கேட்பது என்று நாங்கள் சிலர் முடிவு செய்திருக்கிறோம். பூக்கட்டும் அம்மாவும் அதில் ஒருவர்.